சென்னை – லண்டன்: தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் மூன்று?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மா ஜனவரி நடுவில் லண்டனில் இருக்கும் உங்கள் அக்கா வீட்டுக்குப் போகிறார், மார்ச் முதல் வாரத்தில் திரும்புகிறார். முதல் விமானப் பயணம், துணைக்கு ஆள் இல்லை, சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். சென்னைக்கும் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் இடையே 8,230 கி.மீ. என்று நீங்கள் பார்த்த இரண்டு இணையதளங்களும் ஒரே மாதிரி சொல்கின்றன. நேரம் மட்டும் ஒன்றில் 9 மணி 10 நிமிடம், இன்னொன்றில் 10 மணி 43 நிமிடம். டிக்கெட்டிலோ காலை 5.30-க்குக் கிளம்பி 11.15-க்கு இறங்குவதாக இருக்கிறது. திரும்பும்போது மதியம் 1 மணிக்குக் கிளம்பி மறுநாள் விடியற்காலை 4.20-க்குச் சென்னை. எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா அந்த இருக்கையில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பார், சாப்பாடும் ஊசியும் எந்தக் கணக்கில் வரும், அக்கா எப்போது வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

இருபது வருடத்துக்கு மேலாக விமானங்களுக்குப் பாதை போட்டுக் கொடுப்பது என் வேலை. எங்கள் பாஷையில் டிஸ்பாட்ச். விமானம் கிளம்புவதற்கு முன்னால் எந்த வழி, எந்த உயரம், எவ்வளவு எரிபொருள் என்று கணக்குப் போட்டுக் கேப்டனிடம் கொடுப்போம். அவர் பார்த்துத் திருப்திப்பட்டுக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானம் நகரும். விமானம் பற்றி இங்கே சொல்வது அந்த அனுபவத்தில். இன்சுலின் பற்றி நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அளவையும் வேளையையும் அம்மாவுடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டிக்கெட்டில் உள்ள நேரத்தைச் சரியாகப் படிப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம், பாதிக் குழப்பம் அங்கேதான். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரம். ஜனவரியில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். ஆகவே அங்கே 11.15 என்றால் இங்கே மாலை 4.45. காலை 5.30-இலிருந்து எண்ணினால் 11 மணி 15 நிமிடம். திரும்பும்போது லண்டன் மதியம் 1 மணி என்பது நமக்கு மாலை 6.30, அங்கிருந்து விடியற்காலை 4.20 வரை 9 மணி 50 நிமிடம். மார்ச் கடைசி ஞாயிறன்று பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறன்று திரும்ப மாற்றுவார்கள். அந்த இடைப்பட்ட மாதங்களில் வித்தியாசம் நாலரை மணி நேரம்தான். அம்மா மார்ச் முதல் வாரமே திரும்பிவிடுவதால் உங்களுக்கு இரண்டு பக்கமும் ஐந்தரைதான். பயணம் ஏப்ரலுக்குத் தள்ளிப்போனால் இதை மறந்துவிடாதீர்கள்.

இப்போது தூரம். இது உறுதியான விஷயம், இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. மீனம்பாக்கத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் ஹீத்ரோவினுடையதையும் வைத்து உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய கோட்டை அளந்தால் ஏறத்தாழ 8,230 கி.மீ. வரும். யார் கணக்குப் போட்டாலும் சில கிலோமீட்டர்தான் முன்னே பின்னே இருக்கும். ஆனால் அந்தக் கோடு எந்த வழியாகப் போகிறது என்று பெரும்பாலோர் பார்ப்பதில்லை. வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து ஒரு நுனியைச் சென்னையிலும் மறு நுனியை லண்டனிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் அது பாரசீக வளைகுடாவின் மேல், குவைத்துக்குக் கொஞ்சம் கிழக்கே போகும். நூலோ வடக்கே ஏறிவிடும். நாசிக் மேலாகப் போய், சிந்து மாகாணத்தைத் தொட்டு, ஆப்கானிஸ்தானின் தென்மேற்கு மூலையை உரசி, கிழக்கு ஈரானில் பிர்ஜந்த் பக்கம் போகும். சரியாகப் பாதி வழியில் அஜர்பைஜானின் பாக்கு நகருக்குத் தெற்கே காஸ்பியன் கடலின் மேல் இருக்கும். பிறகு ரஷ்யாவின் மைகோப் பக்கம், கிரிமியாவின் வடக்கு ஓரம், தெற்கு உக்ரைன், மால்டோவா, செக் நாட்டின் பிராகுக்கு வடக்கே, ஜெர்மனி, அப்புறம் லண்டன்.

இந்த ஊர்ப் பெயர்களை வரிசையாகப் படிக்கும்போதே உங்களுக்குப் புரிந்திருக்கும். பூமியின் மேல் மிகக் குறுகிய அந்த வழி இன்றைக்குப் பறக்க முடியாத வழி. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடியிருக்கிறது. அதற்கு மறுநாள் ரஷ்யா பிரிட்டிஷ் விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்டுக்குப் பிறகு வான்வழிக் கட்டுப்பாடு பழைய மாதிரி இல்லை. பாகிஸ்தான் 2019 பிப்ரவரி 27-இல் மூடி ஜூலை 16-இல்தான் முழுதாகத் திறந்தது; 2025 ஏப்ரலில் இந்திய நிறுவனங்களுக்கு மறுபடி மூடியது. 2025 ஜூனில் ஈரான், ஈராக், ஜோர்டான் எல்லாம் ஒரே நாளில் மூடின. நூல் போகும் வழி அப்படியே இருக்கிறது, ஆனால் எந்த விமானமும் அதன் மேல் போவதில்லை.

இதில் உங்களுக்கு நிம்மதி தரும் விஷயம் ஒன்று உண்டு. சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இந்தச் சுற்றல் டெல்லிக்காரர்களைப் போல அவ்வளவு வலிப்பதில்லை. டெல்லியிலிருந்து மேற்கே திரும்பினாலே பாகிஸ்தான்; அது மூடினால் குஜராத் வரை கீழே இறங்கி வந்து அரபிக் கடலைப் பிடிக்க வேண்டும். நாம் ஏற்கனவே கீழேதான் இருக்கிறோம். நான் சொன்ன அந்தத் தட்டை வரைபடக் கோட்டின் நீளத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சுமார் 8,480 கி.மீ. வருகிறது. நூலைவிட 250 கி.மீ. அதிகம். விமானத்துக்கு அது கால் மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அரபிக் கடல், ஓமன், வளைகுடா, துருக்கி, ருமேனியா என்று தெற்கே இறங்கிப் போனாலும் பெரிய நஷ்டம் இல்லை. வளைகுடாவிலும் சிக்கல் வந்து சவுதி, எகிப்து என்று இன்னும் தள்ளிப் போக வேண்டிவந்தால்தான் தூரம் நன்றாக ஏறும். ஜனவரியில் அந்தக் குறிப்பிட்ட நாளில் எந்தெந்த வானம் திறந்திருக்கும் என்பதை இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்னால்தான் அது முடிவாகும்.

அடுத்தது வேகம். அந்த இரண்டு இணையதளங்களும் என்ன செய்திருக்கின்றன என்பது எண்களைப் பார்த்தாலே தெரிகிறது. முதல் தளம் 8,230-ஐ 900 ஆல் வகுத்திருக்கிறது, 9 மணி 10 நிமிடம் கிட்ட வருகிறது. இரண்டாவது தளம் மணிக்கு 805 கி.மீ., அதாவது 500 மைல் என்று வைத்து வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்டியிருக்கிறது. போட்டுப் பாருங்கள், அச்சாக 10.43 வரும். இரண்டுமே வெறும் வகுத்தல் கணக்கு. எந்த விமானமும் பறந்து பார்த்த நேரம் அல்ல. ஆனாலும் உங்கள் டிக்கெட்டில் போக 11.15, வர 9.50, இரண்டின் சராசரி 10 மணி 32 நிமிடம். இரண்டாவது தளம் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டது போலத் தெரியும். அது இரண்டு பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் வந்தது. வேகத்தைக் குறைவாக எடுத்திருக்கிறது, தூரத்தையும் குறைவாக எடுத்திருக்கிறது. காற்று பலமான இன்னொரு தடத்தில் இதே சூத்திரம் ஒரு மணி நேரம் தவறிப்போகும். சராசரியை மட்டும் நம்பினால் அம்மா போகும் பக்கத்துக்கு முக்கால் மணி குறைவாகவே எதிர்பார்ப்பீர்கள்.

போயிங் 787 போன்ற நெடுந்தூர விமானம் ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தில் பறக்கும். 35,000 அடியில் வெளியே கழித்தல் 54 டிகிரி குளிர். அந்தக் குளிரில் 85 சதவீதம் என்பது மணிக்கு ஏறத்தாழ 907 கி.மீ. ஆனால் இது சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம். காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் தரையோடு ஒப்பிட்ட வேகம் மாறிவிடும். ஆற்றில் பரிசல் போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துடுப்புப் போடும் கை அதேதான், எதிர் நீரில் கரை மெதுவாக நகரும்.

குளிர்காலத்தில் இந்த எதிர்க்காற்றுதான் எங்களுக்குப் பெரிய வேலை. டிசம்பர் முதல் மார்ச் வரை வட இந்தியா, பாகிஸ்தான், ஈரான் மேலே, அதாவது வட அட்சரேகையில் 25-ஆவது பாகையை ஒட்டியும் அதற்கு வடக்கேயும், மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்று விமானம் பறக்கும் அதே உயரத்தில் உட்கார்ந்திருக்கும். எங்கள் அறையில் வரும் காற்று வரைபடத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சின்னக் குச்சி போட்டிருக்கும், அதன் வாலில் இறகுகள். காற்றின் வேகத்தை நாங்கள் நாட் என்ற அளவில் சொல்வோம்: பாதி இறகு 5 நாட், முழு இறகு 10 நாட், கறுப்பு முக்கோணம் 50 நாட். ஜூலையில் அரபிக் கடல் பக்கம் பார்த்தால் வெறும் இறகுகள். ஜனவரியில் அதே காகிதத்தில் ராஜஸ்தானிலிருந்து ஈரான் வரை குச்சிக்குக் குச்சி முக்கோணம் இரண்டு இரண்டாக நிற்கும். இரண்டு முக்கோணம் என்றால் 100 நாட், மணிக்கு 185 கி.மீ. அதற்கு நேர் எதிரே விமானத்தை அனுப்பினால் 907 எங்கே போகும்? 722-க்கு வந்துவிடும். அதனால் ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து, தூரம் 150 கி.மீ. கூடினாலும் பரவாயில்லை, அந்த முக்கோணக் கூட்டத்துக்குத் தெற்கே வழி இருக்கிறதா என்று தேடுவோம். திரும்பி வரும் விமானத்துக்கு நேர் எதிர் வேலை. முக்கோணங்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்போம். போகும் வழியும் வரும் வழியும் ஒரே கோடாக இருப்பது அபூர்வம்.

கோடைக்கும் மழைக்காலத்துக்கும் படம் மாறும். மேற்கு ஜெட் இமயமலைக்கு வடக்கே ஏறிவிடும். தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்கே ஓடும் வேறொரு ஜெட் வரும். அதை 1958-இல் உலகத்துக்கு எழுதிக் காட்டியவர் நம் நாட்டு வானிலையாளர் பி. கோடீஸ்வரம். அதன் பலமான பகுதி விமான உயரத்துக்கு மேலே 15 கி.மீ. வாக்கில் இருப்பதால் நமக்குக் கிடைப்பது அதன் ஓரம் மட்டும்தான். ஆனாலும் ஜூலையில் சென்னையிலிருந்து மேற்கே போகிறவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சின்னதாக ஒரு தள்ளு கிடைக்கும்.

போகும்போது இழந்ததை வரும்போது முழுதாகத் திரும்பப் பெற்றுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது நடக்காது. எளிதான எண்ணில் பாருங்கள்: 9,000 கி.மீ., வேகம் 900, காற்று 100. காற்றே இல்லையென்றால் போக 10, வர 10, மொத்தம் 20 மணி நேரம். காற்று இருந்தால் போக 800-இல் 11 மணி 15 நிமிடம், வர 1,000-இல் 9 மணி. மொத்தம் 20 மணி 15 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் சிக்கிக்கொள்கிறோம், சாதகக் காற்றில் சீக்கிரம் வெளியே வந்துவிடுகிறோம். அந்தக் கால் மணி நேரம் போனது போனதுதான்.

சரி, 11 மணி 15 நிமிடத்தைப் பிரித்துப் பார்ப்போம். டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுக்கும் நொடியிலிருந்து, அங்கே போய்க் கட்டை வைக்கும் நொடி வரை. அதை பிளாக் டைம் என்போம். சென்னையில் பின்னால் தள்ளி, இன்ஜின் போட்டு, ஓடுதளத்தின் நுனிக்கு உருண்டு போய் மேலே எழும்ப 20 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். பாதை அன்றைக்கு 8,600 கி.மீ., எதிர்க்காற்றைக் கழித்த சராசரி வேகம் 825 என்றால் பறப்பதற்கு 10 மணி 25 நிமிடம். ஹீத்ரோவில் இறங்குவதற்கு முன்னால் வட்டமடிப்பதும், இறங்கியபின் வாயிலுக்கு உருளுவதும் சேர்த்து 25 நிமிடம். மொத்தம் 11 மணி 10 நிமிடம். மிச்சம் ஐந்து நிமிடம் கைகாவல். இந்தப் பாதையும் வேகமும் ஒரு சாதாரண ஜனவரி நாளுக்கு நான் ஊகித்தவை. நாளுக்கு நாள் பாதை 8,400-இலிருந்து 8,800 வரை அசையலாம், அதோடு நேரமும் அரை மணி நேரம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும்.

அந்த வட்டமடிப்பு பற்றி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஹீத்ரோவுக்கு இரண்டே ஓடுதளங்கள், கூட்டம் எப்போதும் நிறைந்திருக்கும். அதனால் லண்டனைச் சுற்றி பொவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிக்கின் என்று நான்கு இடங்களில் விமானங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஆயிரம் அடி ஆயிரம் அடியாக இறக்குவார்கள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 4 நிமிடம். முதல் முறை பறப்பவர்கள் ஜன்னலில் அதே வயல், அதே சாலை மூன்றாவது தடவை வருவதைப் பார்த்து ஏதோ கோளாறு என்று பயந்துவிடுகிறார்கள். ஒரு கோளாறும் இல்லை, வரிசையில் நிற்கிறது. இங்கே கிளம்பும்போதும் அப்படித்தான். காற்று கிழக்கிலிருந்து வந்தால் சென்னையில் கடலை நோக்கித்தான் எழும்பும், பிறகு திரும்பி ஊர் மேல் மேற்கே வரும். லண்டன் போகவேண்டிய விமானம் வங்காள விரிகுடாவுக்குப் போகிறதே என்று அவர் பதற வேண்டாம்.

சுற்றிப் போவதால் எரிபொருள் போதாமல் போகுமோ என்ற பயமும் வேண்டாம். பயணத்துக்குத் தேவையானது போக, வழியில் கூடுதல் செலவானால் என்று பொதுவாக 5 சதவீதம், இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்துக்குப் போக வேண்டியது, அதற்கும் மேல் அரை மணி நேரம் வட்டமடிக்கக் கடைசிக் கையிருப்பு. இவ்வளவும் தொட்டியில் இருந்தால்தான் நாங்கள் அனுப்புவோம்.

உங்களுக்கு உண்மையிலேயே நம்பத்தகுந்த எண் வேண்டுமென்றால் தூரம் காட்டும் தளங்களை விட்டுவிடுங்கள். டிக்கெட்டில் இருக்கும் விமான எண்ணை ஃப்ளைட்ரேடார்24 போன்ற ஒன்றில் போட்டு, பயணத்துக்கு முந்தைய ஏழு நாள் அதே விமானம் எத்தனை மணிக்கு எழும்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று பாருங்கள். அதே மாதம், அதே வானம், அதே காற்று. அதைவிட நெருக்கமான கணிப்பு என்னாலும் தர முடியாது. அதில் பெரும்பாலும் ஓடுதளத்தை விட்ட நேரமும் தொட்ட நேரமும்தான் இருக்கும், ஆகவே டிக்கெட் நேரத்தைவிட அரை மணி நேரம்போலக் குறைவாகத் தெரியும். ஏழு நாளில் ஆறு நாள் நேரத்துக்கு முன்னாலேயே இறங்கியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். நிறுவனங்கள் பழைய பருவங்களின் பதிவைப் பார்த்துக் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போடுகின்றன.

இனி அம்மாவின் நாள். 5.30 விமானத்துக்கு ராத்திரி 2.30-க்குள் மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும், அதாவது முந்தைய இரவு தூக்கம் கிடையாது. விமானத்தில் 11 மணி நேரத்துக்கு மேல். ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வசதியாக நடைபாதை ஓர இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள். இன்சுலினைக் கட்டாயம் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள், டாக்டர் சீட்டோடு; சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் உறைந்துபோக வாய்ப்புண்டு, உறைந்த இன்சுலினைப் போடக்கூடாது. டாக்டரிடம் போகும்போது "லண்டன் போகிறார்" என்று மட்டும் சொல்லாமல், இந்திய நேரப்படி 5.30-க்கு ஏறி மாலை 4.45-க்கு இறங்குகிறார், அங்கே அப்போது காலை 11.15 தான், அந்த ஒரு நாள் அவருக்கு இருபத்தொன்பதரை மணி நேரம் என்று எழுதிக் காட்டுங்கள். ஊசி வேளையைப் பிரிக்க டாக்டருக்கு வேண்டிய தகவல் அதுதான்.

வீல்சேர் உதவியை டிக்கெட்டிலேயே பதிவு செய்துவிடுங்கள். நடக்க முடிகிறவர்தான் என்றாலும், ஹீத்ரோவில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும், குடியேற்ற வரிசையில் வழி காட்டவும் ஆள் கிடைக்கும். 11.15-க்கு வாயிலை அடைந்தால் குடியேற்றம், பெட்டி எல்லாம் முடித்து அம்மா வெளியே வர 12.15-இலிருந்து 1 மணி ஆகலாம். அக்கா 12 மணிக்கு வந்து நின்றால் போதும், வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் விமானம் துருக்கியைத் தாண்டிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். அம்மாவின் கைக்கடிகாரத்தை மட்டும் வழியில் யாரும் மாற்ற வேண்டாம். அது இந்திய நேரத்திலேயே ஓடட்டும். டாக்டர் எழுதித் தரும் வேளைகளும் அந்தக் கடிகாரப்படியே இருக்கட்டும். வெளியே வந்து அக்காவைப் பார்க்கும்போது அது மாலை 6 மணி சுமாருக்குக் காட்டும். முதல் வேலையாகச் சர்க்கரை அளவு பார்த்துவிட்டுச் சாப்பிட வைக்கச் சொல்லுங்கள்.